இரங்கல் குறிப்பில் ஆயுள் கணக்கா?

1994-இல் அமெரிக்காவில் பால் கேமரன் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். தன்பாலீர்ப்பினர் பத்திரிகைகளின் இரங்கல் குறிப்புகளில் கண்ட வயதுகளைத் திரட்டி, அவ்வாண்களிற் பெரும்பாலோர் 45 வயதுக்குள் மாண்டுவிடுகின்றனர் என்றனர். மாண்டவரை எண்ணினர், வாழ்பவரை எண்ணவில்லை! நம் கல்லூரி மலர்களில் அஞ்சலி பெற்ற மாணவர்களின் சராசரி வயது 20 அளவில்தான் வரும். ஆகவே கல்லூரியில் சேர்ந்தோர் இருபதில் மடிவர் என்று நம் புள்ளியியல் மாணவர் எவரேனும் எழுதுவாரா?

கனடாவின் வான்கூவர் ஆய்வு அத்தகையதன்று. 1987 முதல் 1992 வரையான இறப்புகளைக் கொண்டு, தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களின் ஆயுள் 8 முதல் 20 ஆண்டு குறைவு என 1997-இல் அது மதிப்பிட்டது. எய்ட்ஸ் வாரிச் சென்ற காலம் அது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-இல்தான் பரவத் தொடங்கியது. ஆயினும் அப்பழைய எண்ணைக் காட்டி அம்மக்களின் உரிமைகளை மறுக்க முனைந்தோர் பலர். இது ஆராய்ச்சியா, அநீதியா? அந்த ஆய்வாளர்களே 2001-இல் கடிதம் எழுதிக் கண்டிக்க நேர்ந்தது.

டென்மார்க்கில் 1989-இல் தன்பாலினத் துணைவரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அப்பதிவேட்டின்படி, வாழ்பவரையும் சேர்த்தெண்ணிய ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. 1996-க்குப் பின் அவ்வாண்களின் இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்திருந்தது.