சிவப்பு போனால் போதுமா?
கண் சிவந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரை பலருக்கும் மருந்துக்கடைக்காரரே டாக்டர். 'மெட்ராஸ் ஐ' என்றால் தப்பித்தோம். வைரஸ்தான், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். சவுக்கு மிளாறு கீறிய கருவிழியில் பூஞ்சை பிடித்திருந்தால்? கடைக்காரர் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு சொட்டு சிவப்பைக் குறைத்துக் காட்டிக்கொண்டே பூஞ்சையை வளர்த்துவிடும். கண் மருத்துவரிடம் போனால், கருவிழிப் புண்ணை லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் பூஞ்சை இழை தெரியும். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இந்தப் பூஞ்சைப் புண்ணுக்குப் புதிய மருந்தான வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசின் சொட்டே மேல் என்று தெரிந்தது. (புதுசுதான் உசத்தி என்பவர்கள் கவனிக்க.) டாக்டர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு விற்பதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே தடை இருக்கிறது, மருந்து ஆய்வாளர்கள் ஈசிஆர் கடைகளுக்கு ஒரு நடை வரட்டும்.