விற்ற பொருளில் மறைபொருள் எதற்கு?

விலை கொடுத்து வாங்கிய பொருளை இயக்கும் முறையை அறியும் உரிமை வாங்கியவருக்கு உண்டா? பிற துறைகளில் நகைப்புக்குரியதாகத் தோன்றும் இவ்வினா, கணினித் துறையில் இன்றும் தீராத வழக்காகவே உள்ளது. 2005 ஆம் ஆண்டில் ஓப்பன்பிஎஸ்டி என்னும் திறந்த மூலப் பணிசெயல் முறைமையை ஆக்குவோருக்கும் அமெரிக்க நிறுவனமாகிய அடப்டெக்குக்கும் இடையே எழுந்த பிணக்கு இதற்குத் தக்க சான்றாகும்.

பிணக்குக்குக் காரணமாயிருந்தது வன்தட்டுக் கட்டுப்படுத்தி. பல வன்தட்டுகளை ஒன்றிணைத்து, அவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் தரவு அழியாது காக்கும் ‘றெயிட்’ அமைப்பை இயக்குவது அது. தரவை எழுதவும் வாசிக்கவும் வேண்டிய செலுத்தி ஓப்பன்பிஎஸ்டியில் முன்னரே இருந்தது. ஆயின், எத்தட்டுப் பழுதுற்றது, மாற்றிய தட்டில் தரவை மீளக் கட்டுவது எவ்வாறு என்பவற்றைக் கட்டுப்படுத்தியிடம் வினவும் முறை மறைக்கப்பட்டிருந்தது. முதற்றட்டின் பழுது அறியப்படாதிருக்க, இரண்டாவதும் பழுதுறின் அனைத்தும் அழியும். கள்வன் வந்ததைச் சொல்லாத காவலாளி காவலாளியாகான். தியோ டி ராட் தலைமையிலான குழுவினர் விளக்க ஆவணங்களை மாதக்கணக்கிற் கேட்டும் பெற்றிலர். ஆகவே, அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த 3.7 ஆம் பதிப்பில் அச்செலுத்தியை முடக்கினர்.

இது பயனரைத் தண்டிக்கும் பிடிவாதம் என்பர் சிலர். நம்பத்தகாததை நம்பத்தக்கதென வழங்குவதன்றோ பயனருக்கு இழைக்கும் தீங்கு?

தொழில் இரகசியத்தை வெளியிடல் இயலாது என்பர் வேறு சிலர். தொழிற்சாலையின் நுட்பத்தை எவரும் கேட்டிலர். எந்தக் கட்டளையை அனுப்பினால் எந்த விடை வரும் என்பதே கேட்கப்பட்டது. பூட்டுச் செய்யும் வித்தையையன்று, வாங்கிய பூட்டின் திறப்பையே அவர்கள் கேட்டனர்.

நிறுவனமே ஆயத்தமான செய்நிரலைத் தந்தாற் போதாதா என்பது மூன்றாவது வாதம். மூலநிரல் அற்ற அதனை ஆராயவும் இயலாது, திருத்தவும் இயலாது. நிறுவனம் கைவிட்ட நாளில் அதுவும் பயனற்றதாகும். நிறுவனங்களோ நிலையானவை அல்ல. அடப்டெக்கின் கட்டுப்படுத்தி வணிகம் 2010 இல் பிஎம்சி சியேராவின் கைக்குச் சென்றது. அந்நிறுவனத்தை 2016 இல் மைக்ரோசெமியும், மைக்ரோசெமியை 2018 இல் மைக்ரோசிப்பும் வாங்கின. உடைமையாளர் மாறலாம், வாங்கியவரின் தரவு மாறாது அங்கேயே கிடக்கின்றது.

ஆவணம் இல்லாவிடத்துக் கருவியின் நடத்தையை நோக்கி ஊகித்தறியும் வழி ஒன்று உண்டு. அவ்வாறு எழுதப்பட்ட செலுத்திகள் பல. அவை திறமைக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. எனினும், சில பக்கங்கள் சொல்லிவிடக்கூடியதை அறிய ஊதியம் பெறாத தொண்டர்கள் மாதங்களைச் செலவிடுவது உழைப்பின் விரயமே. மேலும், ஒலிக் கருவியில் ஊகம் பிழைத்தால் ஓசை கெடும்; வன்தட்டில் ஊகம் பிழைத்தால் ஓர் ஆய்வாளரின் பல்லாண்டுத் தரவு கெடும்.

இங்கு தீர்ப்பு வழங்க வேண்டியோர் வாங்குவோரே. பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் கேள்விப் பத்திரங்களைக் கோரும்போது விலையையும் வேகத்தையும் வினவுகின்றன. விளக்க ஆவணம் வெளியிடப்பட்டுள்ளதா என்று வினவுவது அரிது. அவ்வினா நிபந்தனையாகும் நாளிலேயே மறைபொருள் வெளிப்படும். அதுவரை வாங்கியோர் தம் பொருளுக்குத் தாமே இரவலர்.