எண்ணெயும் மருந்தும்



சென்ற மாதம் ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். போரில் கணவரை இழந்தவர். அவருக்குத் துணையாயிருந்த தம்பிக்கு மூளையில் புற்றுநோய்க் கட்டி. "அக்கா, ஒலிவ் எண்ணெயில இருக்கிற ஒரு சாமான் மூளைப் புற்றை அழிக்குதாம். குளிசையை நிப்பாட்டிப்போட்டு அதைக் குடுக்கட்டோ? தோட்டை அடகு வைச்செண்டாலும் வாங்குவன்" என்றார்.

அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்பெயினின் மஜோர்க்கா தீவிலுள்ள பாலியாரிக் தீவுகள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பப்லோ எஸ்கிரிபாவின் குழுவினர், ஒலிவ் எண்ணெயில் அதிகமுள்ள ஒலெயிக் அமிலத்தை இரசாயன முறையில் சிறிது மாற்றினர். கிடைத்தது 2-ஐதரொட்சி ஒலெயிக் அமிலம் என்ற புதிய கொழுப்பமிலம்.

நமது உடல் கலங்களால் ஆனது. 'செல்' என்றும் சொல்வார்கள். நமக்கோ அந்தச் சொல்லைக் கேட்டால் எறிகணைதான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு கலத்தையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. மூளைப் புற்றுக் கலங்களின் சவ்வில் ஸ்பிங்கோமயலின் என்ற கொழுப்பு குறைவு. ஆய்வுகூடத்தில் வளர்த்த அக்கலங்களுக்குப் புதிய அமிலத்தைக் கொடுத்தபோது அக்கொழுப்பு கூடியது. கலத்தைப் பெருகத் தூண்டும் ராஸ் என்ற புரதம் சவ்வை விட்டு விலகியது. கலங்கள் பெருகுவதை நிறுத்தி, பின் இறந்தன. 2011, 2012ஆம் ஆண்டுகளில் இவ்வாய்வுகள் வெளியாகின.

ஆனால் ஆய்வுகூடக் கிண்ணத்தில் மருந்து நேரே கலத்தில் படுகிறது. உடலிலோ குடல், ஈரல், குருதி எல்லாம் தாண்டி, மூளைக்குள் கண்டதையும் விடாத தடுப்பையும் கடக்க வேண்டும். அதனால்தான் மனிதரிலும் சோதிக்கிறார்கள். 2023இல் வெளியான முதற்கட்டச் சோதனையில் 54 நோயாளிகள் பங்குபற்றினர். சிலருக்கே பலன் தெரிந்தது. வாந்தி, வயிற்றோட்டம் போன்ற பக்கவிளைவுகளும் இருந்தன.

தம்பி எடுக்கும் குளிசை டெமோசோலோமைட். 2005இல் வெளியான ஆய்வில் இதே வகைக் கட்டியுள்ள 573 பேரைப் பார்த்தார்கள். கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2 ஆண்டுகளின் பின் உயிரோடிருந்தவர்கள் 100க்கு 10 பேர். குளிசையும் சேர்த்து எடுத்தவர்களில் 26 பேர். பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனாலும் மனிதரில் பார்த்து அறிந்த பலன்.

"சமையலுக்கு எந்த எண்ணெயும் பாவியும். ஆனால் கடை எண்ணெய் அந்த மருந்தல்ல. குளிசையை நிறுத்த வேண்டாம்" என்றேன்.

சகோதரிகளே, புதிய மருந்தென்று யாரும் சொன்னால், "கிண்ணத்திலா, மனிதரிலா? எத்தனை பேரில்?" என்று கேளுங்கள். பிறகு உங்கள் வைத்தியரிடமும் கேளுங்கள்.

அந்தச் சகோதரி தோட்டைக் கழற்றவில்லை. அடுத்த கிளினிக்குக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்.