நீலி பொய் சொல்லவில்லை

கள்ளியங்காட்டு நீலியை மேடையேற்ற விரும்பும் நடிகைத் தோழி ஒருவர் தன் குறிப்பேட்டைப் படிக்கத் தந்தார். ‘உடல்’ என்ற தலைப்பின்கீழ் அவிழ்ந்த கூந்தல், இடையசைவு, இமைக்காத விழி. ‘உணர்வு’ என்பதன்கீழ் வஞ்சம், காமம், வெறி. படித்ததும் எரிச்சலே வந்தது. தோழி மேல் அல்ல. வெள்ளைச்சேலையும் சுண்ணாம்பு கேட்கும் குரலுமாக யட்சியை நமக்குப் பழக்கிய திரைப்படங்கள் மேல்.

2025இல் வந்த மலையாளப் படம் ‘லோகா’ அந்தச் சேலையை உருவி எறிந்தது. கல்யாணி பிரியதர்ஷனின் நீலி அடித்து வெல்பவள். மகிழ்ச்சி. ஆனால் நாகர்கோவிலிலிருந்து வில்லுக்குறி போகும் வழியில் இருக்கிற கள்ளியங்காட்டின் நீலி, வில்லுப்பாட்டில் நாம் கேட்ட நீலி, அடித்து வென்றவள் அல்லள். அவள் வழக்காடி வென்றவள். இந்த வேறுபாடு புரியாமல் அவளை நடிக்க முடியாது என்பதே என் தரப்பு.

தொண்டைநாட்டுப் பழையனூர்க் கதைதான் தெற்கே வந்து இந்த மண்ணில் வேறுவிதமாக வேர்விட்டது. இங்கு அவள் முற்பிறவியில் தேவதாசி. அவளிடம் பொருளிழந்து துரத்தப்பட்ட அர்ச்சகன் மகனைத் தேடிக் காட்டுக்கு வருகிறாள். அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவனோ மணலைக் குவித்து, அதில் அவள் தலையை மெல்ல இறக்கி வைத்து, கல்லைத் தூக்கிப் போடுகிறான், நகைக்காக. சாட்சி ஒரு கள்ளிச்செடி மட்டும். மறுபிறவியில் அவன் ஆனந்தன் செட்டி, அவள் நீலி.

இப்போது குறிப்பேட்டுக்கு வருவோம். ஒரு மடியை நம்பித் தலைசாய்த்ததால் செத்த உடல் எப்படியிருக்கும்? அது இனி எங்கும் சாயாது. கழுத்தும் பிடரியும் எப்போதும் விழித்திருக்கும். இதில் இடையசைவுக்கு ஏது இடம்? தவிர, இடுப்பில் ஒரு குழந்தை. கள்ளிக்கிளையை ஒடித்து அவள் பிள்ளையாக்கியது அது. கொலைக்குச் சாட்சியாக நின்ற செடியையே ஏந்திக்கொண்டு சபைக்கு வருகிறாள்! இந்த ஒரு படிமத்துக்காகவே நான் இக்கதையை எந்த நவீனப் புனைவுக்கும் மேலாக வைப்பேன்.

செட்டியின் கையில் மந்திரவாள் இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க இயலாது. ஆகவே எழுபது வேளாளர் முன்னிலையில் முறையிடுகிறாள்: இவன் என் கணவன், என்னைக் கைவிட்டான், வாளால் கொன்றுவிடுவான் என்று அஞ்சுகிறேன். பிள்ளை செட்டியின் மடியில் ஏறுகிறது. சபை நம்புகிறது, தங்கள் உயிரையே பிணையாகச் சொல்லி வாளை வாங்கி வைக்கிறது. ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வழியில் பயின்றவர் இங்கே நோக்கத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம்: அந்த வாள் அவன் கையைவிட்டு நீங்கவேண்டும். மற்றபடி அழுகை, நடுக்கம், நாணம் எல்லாம் அதற்கான வேலைகள்.

ஆனால் அவள் அழுகை நடிப்பா? நண்பர்கள் தவறுவது இங்கேதான். அவள் சொல்வது இப்பிறவியில் பொய், முற்பிறவியில் உண்மை. அவன் அவளுக்கு உரியவனாக இருந்தவன், கைவிட்டவன், கொன்றவன். சபைக்கு முன் அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது, இருந்தும் அங்கு யாருக்கும் அது தெரியாது. அவனுக்கும் தெரியாது! பொய்யைச் சொல்ல நடிகைக்குச் சாமர்த்தியம் போதும். ஒருவரும் நினைவில் வைத்திராத உண்மையைப் பொய்யின் வடிவில் சொல்ல என்ன வேண்டும்? ‘வஞ்சம்’ என்று ஒற்றைச்சொல்லில் எழுதி முடித்தால் அந்தக் காட்சி செத்துவிடும். மறுநாள் காலை, சில வடிவங்களில், மகனைத் தேடும் செட்டியின் தாயாகவும் அவளே வந்து அலறுகிறாள். அந்த எழுபதுபேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். இத்தனை வேடம் கட்டும் பாத்திரம் நம் மரபில் வேறு எத்தனை உண்டு?

கொடையில் வில்லுக்கு முன் அமர்ந்து வீசுகோலால் அடித்துப் பாடும் புலவரைப் பாருங்கள். எழுந்துநிற்பதில்லை, வேடமில்லை. குரல் மட்டும் நீலியாகி, செட்டியாகி, சபையாகித் திரும்பும். அருகே கோமரத்தாடியின் உடலில் அவள் இறங்குவாள். பாடுபவர் அவளைச் சொல்கிறார், ஆடுபவர் அவளாகிறார். நடிகைக்கு இரண்டும் ஒரே உடலில் நிகழவேண்டும். இசக்கியின் சிலையோ ஒரு பிள்ளையைக் கையில் ஏந்தி இன்னொன்றை வாயில் கவ்வி நிற்கிறது. அவளிடம்தான் முப்பந்தலிலும் பிற கோயில்களிலும் பெண்கள் பிள்ளைவரம் கேட்டு நிற்கிறார்கள். முலையும் பல்லும் சேர்ந்த அந்த உடலைச் ‘சண்டைக்காரி’, ‘மோகினி’ என்ற இரு அறைகளில் அடைக்க முடியாது.

தோழியிடம் குறிப்பேட்டை மூடிவிட்டு ஒரு கள்ளிக்கிளையை இடுப்பில் ஏந்திச் சில நாட்கள் நடந்துபாருங்கள் என்றேன். கள்ளிப்பால் பட்டால் தோல் பொள்ளும், கண்ணுக்கு ஆபத்து. துணியைச் சுற்றிக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன்.