விலை 20 ஆயிரம் பவுன். ஆட்டக்காரர் பங்கு 10 பவுன்!

"அந்தக் காலத்து கால்பந்து ஆட்டக்காரர்கள் தங்கமானவர்கள். ஒரே கிளப்பில் சேர்ந்து, அதிலேயே ஆடி, அதிலேயே ஓய்வு பெற்றார்கள். இந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்குப் பணம்தான் குறி. எவன் அதிகம் கொடுக்கிறானோ அவனிடம் ஓடிவிடுகிறார்கள்."

இங்கிலாந்து கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்படிச் சொல்லிப் பெருமூச்சு விடுவது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பாதிக் கதைதான். மீதிக் கதையையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் பலர் கிளப்பை விட்டுப் போகவில்லை. அது உண்மை. ஆனால் போக நினைத்தவர்களைப் போக விட்டார்களா? அதுதான் கேள்வி.

பிடித்து வைக்கும் விதி

இங்கிலாந்தில் பணம் வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடலாம் என்று 1885-ம் ஆண்டில் அனுமதி கொடுத்தார்கள். 1888-ம் ஆண்டில் 12 கிளப்புகள் சேர்ந்து "லீக்" போட்டியைத் தொடங்கின. 1893-ம் ஆண்டில் ஒரு விதி வந்தது. எல்லா வம்பும் அந்த விதியில்தான் இருக்கிறது.

விதி இதுதான். ஆட்டக்காரரின் பெயரை எந்தக் கிளப் பதிவு செய்திருக்கிறதோ, அந்தக் கிளப் சம்மதிக்காமல் அவர் வேறு லீக் கிளப்பில் ஆட முடியாது. ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்குத்தான். ஆனால் அந்த ஓர் ஆண்டு முடிந்த பிறகும் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ள கிளப்புக்கு உரிமை உண்டு!

"நான் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று ஆட்டக்காரர் சொன்னால் என்ன ஆகும்? சம்பளம் நின்றுவிடும். பெயர் மட்டும் கிளப்பின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். அவரும் ஆட முடியாது. வேறு கிளப்பும் அவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

ஓர் ஆலைத் தொழிலாளிக்கு முதலாளியைப் பிடிக்கவில்லை என்றால், கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த ஆலைக்குப் போவார். ஆயிரக்கணக்கான பேர் கைதட்டி ஆரவாரம் செய்த ஆட்டக்காரருக்கு அந்த உரிமை கூட இல்லை.

சம்பளத்துக்கும் பூட்டு

இது போதாது என்று 1901-ம் ஆண்டில் இன்னொரு பூட்டுப் போட்டார்கள். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்றார்கள். (பவுன் என்பது இங்கிலாந்து நாட்டு நாணயம்.)

சம்பளத்துக்குத்தான் எல்லை. ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு ஆட்டக்காரரை விற்கும் விலைக்கு எல்லை இல்லை.

1905-ம் ஆண்டில் ஆல்ப் காமன் என்ற ஆட்டக்காரரை சண்டர்லாண்டு கிளப்பிடமிருந்து மிடில்ஸ்பரோ கிளப் 1,000 பவுன் கொடுத்து வாங்கியது. ஒரு மனிதனுக்கு இவ்வளவு விலையா என்று நாடே திகைத்தது. வாரம் 4 பவுன் வீதம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகையை அவர் சம்பாதிக்க ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஆகும்.

1928-ம் ஆண்டில் போல்ட்டன் கிளப் டேவிட் ஜாக் என்பவரை லண்டனில் உள்ள ஆர்சனல் கிளப்புக்கு விற்றது. விலை 10,890 பவுன். இந்த பேரம் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். ஆர்சனல் மானேஜர் ஹெர்பர்ட் சாப்மன் ஓட்டலில் பரிமாறுகிறவரை முன்கூட்டியே அழைத்து, "அவர்களுக்கு இரட்டிப்பு மது ஊற்று, எனக்கு மதுவே வேண்டாம். வெளிக்குத் தெரியக்கூடாது" என்று சொல்லி வைத்தாராம். போல்ட்டன்காரர்கள் குஷியில் விலையைக் குறைத்தார்களாம்! பேரத்தில் எல்லோரும் பேசினார்கள். விலைபோன ஜாக்கின் சம்பளம் மட்டும் பேரத்தில் இல்லை. வாரம் 8 பவுனுக்கு மேல் யாரும் வாங்க முடியாது.

1947-ம் ஆண்டில் இங்கிலாந்தின் நட்சத்திர ஆட்டக்காரர் டாமி லாட்டனை செல்சி கிளப், மூன்றாவது டிவிஷனில் இருந்த நாட்ஸ் கவுண்டி கிளப்புக்கு 20,000 பவுனுக்கு விற்றது. கிளப் மாறும்போது ஆட்டக்காரருக்கு விதிப்படி கொடுக்கக்கூடிய தொகை எவ்வளவு தெரியுமா? 10 பவுன்!

கூட்டம் வரவில்லை, பணம் இல்லை என்று சொல்ல முடியுமா? 1948-49 ஆட்டப் பருவத்தில் மட்டும் லீக் ஆட்டங்களுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன.

விதி இப்படி இருந்தால் திருட்டு வழியும் பிறக்கும். ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததற்காக 1957-ம் ஆண்டில் சண்டர்லாண்டு கிளப்புக்கு 5,000 பவுன் அபராதம் விதித்தார்கள்.

போக நினைத்தவர்கள்

இப்போது "விசுவாசம்" என்ற பேச்சுக்கு வருவோம். அதற்கு உதாரணமாக எல்லோரும் சொல்லும் பெயர் டாம் பின்னி. பிரஸ்டன் ஊரில் பிறந்தவர். குழாய் ரிப்பேர் செய்யும் பிளம்பர் தொழில் கற்றவர். பெரிய ஆட்டக்காரர் ஆன பிறகும் அந்தத் தொழிலை விடவில்லை. 1960-ம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை பிரஸ்டன் கிளப்பைத் தவிர வேறு லீக் கிளப்புக்கு அவர் ஆடியதில்லை.

1952-ம் ஆண்டில் இத்தாலி நாட்டு பலெர்மோ கிளப் அவரை அழைத்தது. கையெழுத்துப் போட்டால் 10,000 பவுன். குடியிருக்க பங்களா. போய்வர கார். அப்போது இங்கிலாந்தில் அவருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வாரச் சம்பளம் 14 பவுன். அவர் கிளப் நிர்வாகிகளிடம் விஷயத்தைச் சொன்னார். "முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அத்தோடு கதை முடிந்தது.

டாம் பின்னி நல்லவர். சொந்த ஊரை நேசித்தவர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் இத்தாலிக்குப் போகாததற்கு அவருடைய நேசம் காரணமா, நிர்வாகிகளின் "முடியாது" காரணமா? நீங்களே சொல்லுங்கள்.

மிடில்ஸ்பரோ கிளப்பின் செல்லப்பிள்ளை வில்ப் மேனியன். 1948-ம் ஆண்டில் அவர் கையெழுத்துப் போட மறுத்தார். ஓல்டாம் கிளப்புக்குப் போக விரும்பினார். அவருக்கு 25,000 பவுன் விலை வைத்தது மிடில்ஸ்பரோ. ஏழைக் கிளப்பான ஓல்டாம் அவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்? இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் கோழிக்கூண்டு விற்கும் வேலைக்குப் போனார். சில மாதங்கள் பொறுத்தார். முடியவில்லை. 1949-ம் ஆண்டில் பழைய கிளப்புக்கே திரும்பினார்.

1950-ம் ஆண்டில் நீல் பிராங்கிளின் என்பவர் துணிந்து கடல் கடந்தார். தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டுக் கிளப்பில் சேர்ந்தார். உலகக் கால்பந்து அமைப்பின் கட்டுப்பாடு அப்போது அங்கே செல்லவில்லை. அந்த ஊர் ஒத்துவராமல் சீக்கிரமே திரும்பி வந்தார். வந்தவரை ஆடக்கூடாது என்று தடுத்து வைத்தார்கள். இங்கிலாந்து நாட்டுக்காக மறுபடியும் ஆட அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

கிளப்பே விற்க நினைத்தால் மட்டும் வழி திறக்கும். 1957-ம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக்காரர் ஜான் சார்லசை லீட்ஸ் கிளப் இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புக்கு 65,000 பவுனுக்கு விற்றது. அங்கே கையெழுத்துக்காக மட்டும் அவருக்குக் கிடைத்தது 10,000 பவுன். இங்கிலாந்தில் 10, இத்தாலியில் 10,000!

தக்கை விற்றவர் தொடர்ந்த வழக்கு

ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1907-ம் ஆண்டிலேயே தொழிற்சங்கம் அமைத்தார்கள். ஜிம்மி ஹில் என்ற ஆட்டக்காரர் தலைவராக இருந்தபோது, சங்கம் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தது. 1961 ஜனவரியில் சம்பள எல்லை ஒழிந்தது. உச்ச சம்பளம் வாரம் 20 பவுனாக இருந்த நாட்டில், புல்ஹாம் கிளப் ஜானி ஹேன்சுக்கு வாரம் 100 பவுன் கொடுத்தது.

ஒரு பூட்டு உடைந்தது. மற்றொன்றை உடைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம்.

நியூகாசில் கிளப்பில் ஆடிய அவருக்கும் நிர்வாகிகளுக்கும் தகராறு. 1960-ம் ஆண்டில் ஒப்பந்தம் முடிந்தது. அவர் போக வேண்டும் என்றார்; கிளப் விட மறுத்தது. அவர் பந்தைக் கீழே வைத்துவிட்டு, தெற்கே போய் தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் நியூகாசில் இறங்கி வந்தது. 47,500 பவுனுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது.

வேறு ஒருவராக இருந்தால், "என் காரியம் முடிந்தது" என்று போயிருப்பார். ஈஸ்ட்ஹாம் போகவில்லை. எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்று, சங்கத்தின் துணையோடு ஐகோர்ட்டில் வழக்கை நடத்தினார். 1963 ஜூலை 4-ந் தேதி நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்புக் கூறினார். ஒப்பந்தம் முடிந்தவரைப் பிடித்து வைப்பது தொழில் செய்யும் உரிமையை நியாயமில்லாமல் தடுப்பதாகும் என்றார்.

இதற்குப் பிறகு விதிகள் தளர்ந்தன. 1995-ம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு ஆட்டக்காரர் போஸ்மன் தொடர்ந்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் முழு விடுதலையே கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், ஐரோப்பிய யூனியனுக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்கு விலை இல்லாமலே போகலாம் என்றது.

ஏழைக் கிளப்புகள் என்ன செய்யும்?

"ஆட்டக்காரர்களை அவிழ்த்து விட்டால் பணக்காரக் கிளப்புகள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகும். சின்ன ஊர்க் கிளப்புகள் அழியும்" என்று அன்றைய நிர்வாகிகள் வாதாடினார்கள். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பெரிய நகரத்துக் கிளப்புகளின் கை ஓங்கியது உண்மை. ஆட்டக்காரரை விற்ற பணத்தில் பிழைத்த சின்னக் கிளப்புகளும் உண்டு.

ஆனால் ஏழைக் கிளப்பைக் காப்பாற்றும் பாரத்தை யார் தலையில் வைப்பது? டிக்கெட் வசூலைப் பங்கிட்டுக் கொடுக்கலாம். பணக்காரக் கிளப்புகளிடம் வரி வாங்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதில் கால் தளர்ந்து வீட்டுக்குப் போகப்போகிற தொழிலாளியின் கூலியில் கைவைப்பது என்ன நியாயம்?

இன்றைய ஆட்டக்காரர்கள் வாங்கும் பணம் அளவுக்கு மீறியதாக இருக்கலாம். அதைக் குறை சொல்லுங்கள். நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆனால் அதற்காகப் பழைய காலத்தைப் பொற்காலம் என்று சொல்லாதீர்கள். போக வழி இருந்தும் போகாமல் இருப்பவனைத்தான் விசுவாசி என்று சொல்ல வேண்டும். வழியை அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவனைப் பார்த்து "என்ன விசுவாசம்!" என்று மெச்சுவது அவனைக் கேலி செய்வதாகும்.

ஈஸ்ட்ஹாமைப் பணத்தாசை பிடித்தவர் என்று அன்று சிலர் ஏசினார்கள். அவர் 1966-ம் ஆண்டில் ஸ்டோக் கிளப்பில் சேர்ந்தார். 1972-ம் ஆண்டில், 35-வது வயதில், லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலைப் போட்டு அந்தக் கிளப்புக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். தன் விருப்பப்படி சேர்ந்த இடத்தில் மனிதன் எப்படி உழைப்பான் என்பதற்கு அந்த ஒரு கோல் போதும்.