அரை மணி நேர வேலைக்கு 22 நாளா?



வருமானச் சான்றிதழுக்கு அலைஞ்ச அனுபவம் இருக்கா? இ-சேவை மையத்துல பணம் கட்டி ரசீது வாங்கிடுறோம். அதுக்கப்புறம் மனு எங்க போகுது? விஏஓ, ஆர்ஐ, அப்புறம் தாலுகா ஆபீஸ். இவங்க எல்லாரும் உங்க மனுவைப் பார்க்கிற நேரத்தைக் கூட்டினா அரை மணி தாண்டாது. மிச்ச நாளெல்லாம் யாரோ ஒருத்தர் லாகின்ல அது சும்மா கிடக்குது.

டொயோட்டா தொழிற்சாலையில தைச்சி ஓனோன்னு ஒரு இன்ஜினியர் 7 வகை வீண் வேலையைப் பட்டியல் போட்டார். அதுல ஒண்ணு காத்திருப்பு. 'லீன்'னு காலேஜ்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோமே, அதேதான். கார் பாகம் காத்துக் கிடந்தா கம்பெனிக்கு நஷ்டம். மனு காத்துக் கிடந்தா?

எங்க ஊர்த் தங்கச்சி ஒருத்தி முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டா. முதல்ல அண்ணன் டிசி இல்லைன்னு ரிட்டர்ன். அதைக் கொடுத்ததும் தாத்தாவோட இறப்புச் சான்று இல்லைன்னு மறுபடி ரிட்டர்ன். ரெண்டையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். 22 நாள் ஆச்சு. அதுக்குள்ள கவுன்சிலிங் முடிஞ்சு, சலுகை இல்லாத முழுக் கட்டணத்தை அவங்க அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

விஏஓவைத் திட்டி ஒரு மீம் போட்டா லைக் வரும்தான். ஆனா பக்கத்து ஊர் பொறுப்பு, அடங்கல், தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம் எல்லாம் அதே ஒரு ஆள் தலையிலதானே? கோளாறு வரிசையில இருக்கு. அதே வரிசையை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு 'டிஜிட்டல் நிர்வாகம்'னு பேனர் வைக்கிறாங்க பாருங்க, அதைத்தான் கேள்வி கேட்கணும். போன வருஷம் அதே அரசாங்கம் கொடுத்த சான்றிதழ் அதே கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அதோட நகலை ஏன் மறுபடி ஸ்கேன் பண்ணச் சொல்றாங்க?

மத்தியப் பிரதேசம் 2010லயே சேவை உத்தரவாதச் சட்டம் போட்டுச்சு. குறிச்ச நாளுக்குள்ள வேலை முடியலைன்னா அதிகாரிக்கு அபராதம். நல்ல விஷயம்தான். ஆனா அபராதத்துக்குப் பயந்து கடைசி நாள்ல 'நிராகரிப்பு' பட்டனைத் தட்டிட்டா என்ன பண்றது? அதனால, குறை இருந்தா மனு வாங்குற கவுண்டர்லயே, ஒரே தடவையில சொல்லணும். இதுக்குப் புது பட்ஜெட் எதுவும் வேண்டாம்.

உங்க மனு போட்ட தேதி, கிடைச்ச தேதி, எத்தனை தடவை ரிட்டர்ன், எந்தத் தாலுகா. இந்த நாலையும் கமெண்ட்ல போடுங்க. மனு எண், பேர், போன் நம்பர் வேண்டாம். தாலுகா வாரியாத் தொகுத்து மாவட்ட ஆட்சியரோட திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல நம்ம ஆட்கள் நேர்ல கொடுப்பாங்க.

#மனு_எங்கே_நிக்குது