வாசலோடு முடிவதோ நம் கடமை?

பனி பொழியும் நாடுகளில் குடியேறிய நம் உறவினர் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. அந்நாட்டு நகரங்கள் பலவற்றில், வீட்டின் முன் நடைபாதையில் விழுந்த பனியை அவ்வீட்டாரே அகற்றுதல் வேண்டும், தவறினால் தண்டம். பனியை வீழ்த்தியது வானம். வழுக்கி விழுபவர் வழிப்போக்கர். ஆயினும் பொறுப்பு வீட்டாருடையது. அங்கே முணுமுணுப்பின்றி மண்வாரி எடுக்கும் தமிழினம், கோந்த்வாவில் மட்டும் கைகட்டி நிற்பதேன்?

இங்கே பனி இல்லை. நம் தெருவை மூடுவது நாமே எறியும் குப்பை. காலையில் வாசல் தெளித்துக் கோலமிடுகிறோம். பெருக்கியதைச் சொசைட்டி மதிலுக்கு அப்பால் தள்ளுகிறோம். ஆனி மழை இறங்கியதும் அதுவே வடிகாலின் வாயை அடைக்கிறது. பின்னர் மாநகராட்சியைத் தூற்றுகிறோம்.

"வரி செலுத்துகிறோம், தூய்மை அவர்கள் கடன்" என்பர் சிலர். வடிகாலைத் தூர்வாருவதும் ஓடைக்கரையைக் காப்பதும் மாநகராட்சியின் கடனே. அதனை வற்புறுத்திக் கேட்போம். ஆனால், தெருவில் குப்பை எறியும் உரிமையை எந்த வரிச்சீட்டும் வழங்கவில்லை. 2019 செப்டம்பர் 25 இரவில், காத்ரஜ் பக்கமிருந்து வரும் ஆம்பில் ஓடை பெருகிப் புனேயில் பல உயிர்களைக் கொண்டது. கொட்டிய மழை ஒரு காரணம். ஒடுங்கிய ஓடை மற்றொன்று. ஓடையை ஒடுக்கியது வானமன்று.

"நாம் பிழைக்க வந்தவர்கள், ஊரார் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது இன்னும் நாணத்தக்கது. வீடு வாங்க இவ்வூரார். துடைப்பம் எடுக்க மட்டும் வேற்றூராரா? இம்மண்ணில்தான் காட்கே பாபா (1876–1956) பகலில் தம் கையால் ஊரைப் பெருக்கி, இரவில் கீர்த்தனம் செய்தார். நம் மரபிலும் இது புதிதன்று. ஏரியையும் கால்வாயையும் ஊரே கூடிச் செப்பனிட்ட குடிமராமத்தை அறியாதார் யார்? அப்பாரம் பல ஊர்களில் எளியோர் தோளிலேயே விழுந்தது என்பதையும் மறவோம். சென்னையில் 1989-இல் தோன்றிய எக்ஸ்னோரா, தெருவாசிகளையே தம் தெருவுக்குப் பொறுப்பாக்கியது.

எனவே, நம் கடனைக் கூலிக்கு ஒருவர் தலையில் ஏற்றுவது பொறுப்பாகாது. 2008-இல் புனே மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்ட ஸ்வச் கூட்டுறவின் உறுப்பினருள் பெரும்பாலோர் பெண்கள். நாம் பிரிக்காமல் கட்டித் தரும் மூட்டையில் உடைந்த கண்ணாடி அவர் விரலையன்றோ கிழிக்கிறது? ஈரக்குப்பை வேறு, உலர்குப்பை வேறு எனப் பிரிக்குமாறு 2016-ஆம் ஆண்டு விதிகள் பணித்தன. விதி வந்துதான் நமக்கு இரக்கம் பிறக்க வேண்டுமா? அடைத்த கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அத்தகைய வேலைக்கு ஆள் தேடும் சொசைட்டிக் கூட்டத்தில் நம்மவர் வாய்மூடி இருத்தல் குற்றத்திற்குத் துணைபோதலே.

தொடக்கம் நம்மிடமே இருக்கட்டும். நம் பொங்கல் விழா முடிந்த மறுநாள் அரங்கின் பின்புறத்தைக் கண்டோர் அறிவர்: எச்சில் இலைகளும் காகிதக் குவளைகளும் தமிழரின் முகவரியாய்க் கிடக்கும். இனி விழாக்குழுவினர், மேடையில் பேசியோர் உட்பட, இடத்தைத் துப்புரவாக்கிய பின்னரே வீடு திரும்புவோம். வைகாசியில், மழைக்கு முன், ஒரு ஞாயிறன்று மராத்தி அண்டை வீட்டாரையும் அழைத்துத் தெருவைப் பெருக்குவோம். ஊரைத் தன் ஊராக்குவது பத்திரமன்று. அதற்காக வளையும் முதுகே.